"இஸ், வாஸ் வந்தா பாஸிவ்" விதி எங்கெல்லாம் கவிழ்கிறது? (விவாத இழை)

நிலா_தேர்வர்:
ஆங்கில வாக்கியம் ஆக்டிவா (செய்வினை), பாஸிவா (செயப்பாட்டுவினை) என்று பிரிக்க, எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிக்கிற குழுக்களில் ஒரு வரி விதி சுற்றுகிறது. "இஸ், வாஸ், பீன் வந்தால் பாஸிவ். பை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸிவ்." இதை நம்பிக் கீழே உள்ள எட்டையும் பிரித்தால் பாதிக்கு மேல் தப்பாகிறது. உருப்படியான வழி எது, ஏன் என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

1. ஷி வாஸ் ஸ்டாண்டிங் பை தி கேட்.
2. தி பிரிட்ஜ் ஹேஸ் பீன் ரிப்பேர்ட்.
3. தி மேனேஜர் ஹேஸ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்.
4. தி ஷாப் வாஸ் குளோஸ்ட்.
5. ஹி காட் டிரான்ஸ்ஃபர்ட் டு சேலம்.
6. திஸ் புக் செல்ஸ் வெல்.
7. ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்.
8. டூ ஹெல்ட் இன் செயின் ஸ்நாச்சிங் கேஸ். (செய்தித்தாள் தலைப்பு)

பிழைதிருத்தி:
அந்த விதி பாதி உண்மை. அதனால்தான் இத்தனை பேரைக் கவிழ்க்கிறது. வினைத்தொடரை (துணைவினைகளும் முதன்மை வினையும் சேர்ந்ததை) முழுசாக எடுத்துக்கொண்டு அதன் கடைசி இரண்டு சொல்லை மட்டும் பாருங்கள்.

கடைசிச் சொல் "-இங்" என்று முடிந்தால் ஆக்டிவ். முன்னால் எத்தனை வாஸ், பீன் வந்தாலும் கவலையில்லை. கடைசிச் சொல் வி3 (ரிட்டன், ரிப்பேர்ட் மாதிரி வினையின் மூன்றாம் உருவம்) ஆக இருந்தால் அதற்கு நேர் முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். அங்கே ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன் இந்த எட்டில் ஒன்று இருந்தால் பாஸிவ். ஹேவ், ஹேஸ், ஹேட் இருந்தால் ஆக்டிவ்.

ரைட் என்ற ஒரே வினையை ஓட்டிப் பார்க்கலாம்:
இஸ் ரைட்டிங்: ஆக்டிவ்.
இஸ் ரிட்டன்: பாஸிவ்.
இஸ் பீயிங் ரிட்டன்: கடைசி இரண்டு "பீயிங் ரிட்டன்", பாஸிவ்.
ஹேஸ் ரிட்டன்: ஆக்டிவ்.
ஹேஸ் பீன் ரிட்டன்: பாஸிவ்.
ஹேஸ் பீன் ரைட்டிங்: ஆக்டிவ்.
குட் ஹேவ் பீன் ரிட்டன்: பாஸிவ்.

இடையில் நாட், ஆல்ரெடி, நெவர், கேர்ஃபுல்லி மாதிரி சொற்கள் நுழைந்தால் அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணுங்கள். "ஹேஸ் நாட் யெட் பீன் பெயிட்" என்பதில் வினைத்தொடர் "ஹேஸ் பீன் பெயிட்" மட்டும்தான்.

இதன்படி உங்கள் 1, 3 ஆக்டிவ், 2 பாஸிவ். மற்ற ஐந்துக்கும் தனித்தனிக் கதை இருக்கிறது.

கரும்பலகை:
"பை" பற்றி ஒரு வார்த்தை. பை தி கேட் என்பது இடம், பை ஃபைவ் ஓ கிளாக் நேரம், பை பஸ் வாகனம், பை மிஸ்டேக் விதம். இவற்றில் எதுவும் செய்தவரைக் காட்டவில்லை. மறுபக்கம், ஆங்கிலத்தில் எழுதப்படும் பாஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் "பை" வருவதே இல்லை. யார் செய்தார் என்பது தெரியாததாலோ, தேவைப்படாததாலோதான் பாஸிவையே எடுக்கிறோம். "மை பைக் வாஸ் ஸ்டோலன்" என்பதற்குப் பின்னால் "பை எ தீஃப்" என்று யாரும் ஒட்டுவதில்லை. ஆக, பையைத் தேடிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் அடி.

வி3 கண்டுபிடிப்பதிலும் ஒரு குழி உண்டு. "-எட்" சேர்க்கும் வினைகளில் வி2-வும் (இறந்தகால உருவம்) வி3-யும் ஒரே உருவம். கட், புட், ஹிட் போன்றவற்றில் அடிப்படை வினை, வி2, வி3 மூன்றுமே ஒன்று. எனவே சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவு செய்ய முடியாது, முன்னால் நிற்கும் துணைவினைதான் சாட்சி. "தே கட் தி ட்ரீ" ஆக்டிவ், "தி ட்ரீ வாஸ் கட்" பாஸிவ்.

பொருநைவாசி:
பள்ளியில் சொல்லித்தருகிற "எழுவாய் வேலையைச் செய்தால் ஆக்டிவ், வேலையை வாங்கிக்கொண்டால் பாஸிவ்" என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? அது எளிது அல்லவா?

பிழைதிருத்தி:
எளிதுதான் சார், ஆனால் அதை மட்டும் நம்பினால் கவிழும். "ஹி ரிசீவ்ட் எ வார்னிங்", "ஷி சஃபர்ட் எ ஹெட் இஞ்சுரி" இரண்டிலும் எழுவாய் எதையும் செய்யவில்லை, வாங்கிக்கொண்டது மட்டும்தான். ஆனாலும் இரண்டும் சுத்தமான ஆக்டிவ். வாய்ஸ், அதாவது ஆக்டிவ்-பாஸிவ் பிரிவு, வினையின் உருவத்தைப் பற்றிய விஷயம். பொருளை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. உருவத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, பொருளை வைத்துச் சரிபார்க்கலாம்.

"வாஸ் ஹேப்பன்ட்" பிழைக்கும் வேர் இதுவே. "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட் அட் நைன்" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். விபத்து எதையும் "செய்யவில்லை", அதனால் பாஸிவாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிவிடுகிறது. ஹேப்பன், அக்கர், அரைவ், டிஸப்பியர், டை, ஸ்லீப் எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். எழுவாய் இடத்துக்கு ஏற்றிவிட அங்கே செயப்படுபொருளே கிடையாது, எனவே பாஸிவும் கிடையாது. "தி ஆக்சிடென்ட் ஹேப்பன்ட் அட் நைன்", அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்ப் பிழை "ஐ பார்ன் இன் மதுரை". தமிழில் "பிறந்தேன்" செய்வினை, ஆங்கிலத்தில் "ஐ வாஸ் பார்ன்" பாஸிவ் உருவம். பிறந்தநாள் தகவல் எழுதும் பல விண்ணப்பக் கடிதங்களில் இந்த "வாஸ்" காணாமல் போவதைப் பார்க்கலாம்.

கரும்பலகை:
செயப்படுபொருள் இருந்தும் பாஸிவுக்கு வராத வினைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைமைப் பொருளில் வரும் ஹேவ், லேக், ரிசெம்பிள், ஸூட், எடையைச் சொல்லும் வே, விலையைச் சொல்லும் காஸ்ட். "ஹி ஹேஸ் எ கார்" என்பதை "எ கார் இஸ் ஹேட் பை ஹிம்" என்று மாற்றினால் அது ஆங்கிலமே இல்லை.

நிலா_தேர்வர்:
4-வது, தி ஷாப் வாஸ் குளோஸ்ட்? கடைசி இரண்டு சொல் விதிப்படி பாஸிவ். ஆனால் ஒரு விடைக்குறிப்பில் குளோஸ்ட் பெயரடை என்று போட்டிருக்கிறது.

எழில்_கோவை:
இரண்டும் சரி. அந்த வாக்கியத்தைத் தனியாகக் கொடுத்துக் கேட்டவர்தான் தப்பு செய்தார். தமிழில் வைத்துப் பாருங்கள்: "கடை மூடப்பட்டது" என்பது ஒரு நிகழ்ச்சி, "கடை மூடியிருந்தது" என்பது ஒரு நிலை. ஆங்கிலம் இரண்டுக்கும் "வாஸ் குளோஸ்ட்" என்ற ஒரே உருவத்தைத்தான் வைத்திருக்கிறது.

"தி ஷாப் வாஸ் குளோஸ்ட் பை தி போலீஸ் அட் நைன்" என்றால் நிகழ்ச்சி, பாஸிவ். "தி ஷாப் வாஸ் குளோஸ்ட் வென் வி வென்ட் தேர்" என்றால் நிலை, அங்கே குளோஸ்ட் பெயரடை.

சோதனைகள் சில: வாஸ் இருக்கும் இடத்தில் ரிமெய்ன்ட் அல்லது ஸீம்ட் போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் பெயரடை. வெரி சேர்க்க முடிந்தால் பெயரடை: வெரி டயர்ட், வெரி இன்ட்ரஸ்டட். வாஸ் பீயிங் போட்டும் அதே நிகழ்ச்சியைச் சொன்னால் பாஸிவ். எல்லாச் சொல்லுக்கும் எல்லாச் சோதனையும் பொருந்தாது (வெரி குளோஸ்ட் என்று யாரும் சொல்வதில்லை), அதனால் இரண்டு சோதனையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

ஹி இஸ் ரிடயர்ட், தே ஆர் கான் இரண்டும் இதே வகைப் பொறிகள். கோ என்பதற்குச் செயப்படுபொருளே இல்லை, எனவே "ஆர் கான்" பாஸிவாக இருக்க வழியில்லை.

7-ஐயும் இதோடு முடித்துவிடலாம். யூஸ்ட் மூன்று வேடம் போடும்:

"ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை". பழைய வழக்கம், ஆக்டிவ்.
"ஐ ஆம் யூஸ்ட் டு தி நாய்ஸ்". பழகிப்போச்சு என்ற பொருள், பெயரடை.
"எ நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் வெஜிடபிள்ஸ்". பயன்படுத்தப்படுகிறது, பாஸிவ்.

பி வினை (ஆம், இஸ், வாஸ் முதலியவை) முன்னால் இருக்கும்போது டு-வுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல்லோ -இங் சொல்லோ வந்தால் பெயரடை. கட், மேக் மாதிரி வெறும் வினை வந்தால் பாஸிவ். காதாலும் பிரிக்கலாம்: பாஸிவில் நடு ஒலி தேனீ ரீங்காரம் மாதிரி அதிரும், மற்ற இரண்டிலும் "யூஸ்" என்று காற்றாகப் போகும்.

தொல்காப்பியப் பித்தன்:
6-ஐ எனக்கு விட்டுவிடுங்கள். "திஸ் புக் செல்ஸ் வெல்". புத்தகம் தன்னைத்தானே விற்பதில்லை, கடைக்காரர் விற்கிறார். ஆனாலும் வினையின் உருவம் ஆக்டிவ். தி டோர் ஓப்பன்ட், தி ரைஸ் இஸ் குக்கிங், திஸ் ஷர்ட் வாஷஸ் ஈஸிலி எல்லாம் இந்தக் கூட்டம். ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று பலர் இதைத் திட்டுகிறார்கள். நம் தொல்காப்பியம் வினையியலிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: "செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே." உரையாசிரியர்கள் தரும் உதாரணம் "திண்ணை மெழுகிற்று". திண்ணை மெழுகாது, மெழுகப்படும். ஆனால் வழக்கில் அப்படித்தான் சொல்கிறோம். இன்றைக்கு "புக்கு நல்லா விக்குது" என்பதும் அந்த வரிசைதான். ஆகவே தமிழ்க் காதுக்கு இது புதுசே இல்லை. தேர்வில் தயங்காமல் ஆக்டிவ் என்று போடுங்கள்.

பிழைதிருத்தி:
அருமை ஐயா. 5-வது: காட் டிரான்ஸ்ஃபர்ட். பி-யின் இடத்தில் கெட் உட்கார்ந்த பாஸிவ் இது. பேச்சில் சகஜம், அலுவலகக் கடிதத்தில் "வாஸ் டிரான்ஸ்ஃபர்ட்" என்றே எழுதுங்கள். காட் மேரீட், காட் லாஸ்ட் போன்றவை பெயரடைப் பக்கம் சாய்பவை.

ஆனால் "காட்" என்பதற்கும் வி3-க்கும் நடுவில் ஒரு பெயர்ச்சொல் வந்துவிட்டால் கதையே வேறு. "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்" என்றால் கடைக்காரரை வைத்துச் சரிசெய்துகொண்டேன் என்று பொருள். முதன்மை வினை காட், ஆக்டிவ். தமிழில் "போன ரிப்பேர் பண்ணிட்டேன்" என்று நாம் தாராளமாகச் சொல்வதால் அப்படியே "ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்" என்று எழுதுகிறோம். ஆங்கிலக்காரர் ஸ்குரூடிரைவரை நீங்களே கையில் எடுத்தீர்கள் என்று நினைப்பார்.

நிலா_தேர்வர்:
வகை பிரிப்பது பிடிபட்டது. ஆக்டிவைப் பாஸிவாக மாற்றும்போது அடிக்கடி மார்க் போகிற இடங்கள் எவை?

கரும்பலகை:
விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

முன்னிடைச்சொல் காணாமல் போவது. "தே லாஃப்ட் அட் ஹிம்" என்பது "ஹி வாஸ் லாஃப்ட் அட் பை தெம்" ஆக வேண்டும். அட், பை இரண்டும் அடுத்தடுத்து நிற்பது கண்ணுக்கு உறுத்தலாக இருப்பதால் "அட்" என்பதைத் தூக்கிவிடுகிறார்கள். தூக்கக்கூடாது. லுக் ஆஃப்டர், லிஸன் டு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

மேக், ஸீ, ஹியர் ஆகியவற்றில் டு திரும்பி வரும். "தே மேட் மீ வெயிட்" என்பது "ஐ வாஸ் மேட் டு வெயிட்".

நோபடி எழுவாயாக இருந்தால் "பை நோபடி" என்று எழுதாதீர்கள். "நோபடி ஹேஸ் சால்வ்ட் இட்" என்பது "இட் ஹேஸ் நாட் பீன் சால்வ்ட்" ஆகும். எதிர்மறை வினைக்குள் போய்விடும்.

கிவ் போல இரண்டு செயப்படுபொருள் எடுக்கும் வினைக்கு இரண்டு விடை: "ஷி வாஸ் கிவன் எ பிரைஸ்", "எ பிரைஸ் வாஸ் கிவன் டு ஹெர்". ஆளை முன்னால் வைப்பதே இயல்பு. ஆனால் எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கிரைப் இதற்கு இடம் தராது. "ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் தி ரூல்" தப்பு, "தி ரூல் வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ" சரி.

எல்லாவற்றுக்கும் பை போடுவதும் ஒரு வியாதி. நோன் டு, ஸர்பிரைஸ்ட் அட், ஃபில்ட் வித், கன்டெய்ன்ட் இன்.

காலங்களில், பன்னிரண்டில் எட்டுக்குத்தான் பாஸிவ் வழக்கில் உண்டு. வில் பி ரைட்டிங், மற்றும் மூன்று பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் (ஹேஸ் பீன் ரைட்டிங் வகை), இந்த நான்குக்கும் பள்ளி இலக்கணம் பாஸிவ் தருவதில்லை. "வில் பி பீயிங் ரிட்டன்", "ஹேஸ் பீன் பீயிங் ரிட்டன்" என்று நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

பொருநைவாசி:
"குளோஸ் தி டோர்" என்பதை "லெட் தி டோர் பி குளோஸ்ட்" என்று மாற்றச் சொல்வதை நிறுத்தினால் புண்ணியம். உலகத்தில் எவனும் அப்படிப் பேசுவதில்லை.

கரும்பலகை:
பேசுவதில்லைதான். ஆனால் போட்டித் தேர்வில் கேட்கிறான், விடைக்குறிப்பில் அதுதான் இருக்கிறது. படிக்கிற பிள்ளையை நடுவில் நிறுத்திவிட்டு நாம் கொள்கைப்போர் நடத்த முடியாது. தேர்வுக்கான வழி இது:

கட்டளையில் செயப்படுபொருள் இருந்தால்: லெட் + அந்தப் பொருள் + பி + வி3. எதிர்மறை என்றால் பி-க்கு முன்னால் நாட்: "லெட் தி டோர் நாட் பி குளோஸ்ட்". செயப்படுபொருள் இல்லாவிட்டால் யூ ஆர் என்று தொடங்கி, தொனிக்கு ஏற்ற வி3: "வொர்க் ஹார்ட்" என்பது "யூ ஆர் அட்வைஸ்ட் டு வொர்க் ஹார்ட்". பிளீஸ் இருந்தால் ரிக்வெஸ்டட் போட்டுவிட்டு பிளீஸை எடுத்துவிடுங்கள். இரண்டையும் வைத்தால் பிழை. ராணுவ உத்தரவுத் தொனி என்றால் ஆர்டர்ட்.

கேள்வி வாக்கியம்: "ஹூ ரோட் திஸ்" என்பது தேர்வில் "பை ஹூம் வாஸ் திஸ் ரிட்டன்". பேச்சில் "ஹூ வாஸ் திஸ் ரிட்டன் பை".

பொருநைவாசி:
சரி, தேர்வுக்கு ஒத்துக்கொள்கிறேன். எழுத்துக்கு வருவோம். வேர்ட் போன்ற மென்பொருள்கள் பாஸிவைக் கண்டால் கோடு போட்டுத் திருத்தச் சொல்கின்றனவே, அப்படி என்ன அது குற்றமா?

எழில்_கோவை:
குற்றம் இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஆங்கில மொழி பற்றி எழுதிய கட்டுரையில் "ஆக்டிவ் போட முடிகிற இடத்தில் பாஸிவ் போடாதே" என்று விதி வகுத்தார். அதே கட்டுரையில், எல்லாரும் பாஸிவையே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர் குறைப்படும் வாக்கியமே பாஸிவில்தான் இருக்கிறது!

பாஸிவ் தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. முன் வாக்கியத்தில் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அடுத்த வாக்கியமும் பாலத்தில் தொடங்குவதுதான் படிப்பவருக்கு வசதி: "இட் வாஸ் பில்ட் இன் 1914". கட்டியவர் யார் என்பதை எழுவாயாக்கினால் பேச்சு திசைமாறிவிடும். ஆய்வக அறிக்கையில் "தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட் டு 60 டிகிரிஸ்" என்பதில் சூடாக்கிய கை யாருடையது என்று யாருக்கும் அக்கறையில்லை.

செய்தவரை ஒளிக்கப் பாஸிவைப் பயன்படுத்தும்போதுதான் உறுத்துகிறது. அமெரிக்க அதிபர் ரீகன் 1987 ஜனவரியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசும்போது "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். செய்தது யார்? காணோம்.

பிழைதிருத்தி:
அதற்கும் பாஸிவ் மட்டும் பொறுப்பில்லை. "மிஸ்டேக்ஸ் அக்கர்ட்" என்றாலும் ஆள் தப்பிவிடுவான், அது ஆக்டிவ். மென்பொருள் போடும் அந்தக் கோட்டைக் கண்டதும் வாக்கியத்தைத் திருப்பிப்போடாமல், "செய்தவர் யார் என்பது இங்கே படிப்பவருக்குத் தேவையா" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையென்றால் திருப்பிப்போடுங்கள், இல்லையென்றால் கோட்டை அலட்சியம் செய்யுங்கள்.

நிலா_தேர்வர்:
8 மட்டும் பாக்கி. டூ ஹெல்ட் இன் செயின் ஸ்நாச்சிங் கேஸ். பி-யே இல்லை.

கரும்பலகை:
தலைப்புக்கென்று ஓர் இலக்கணம் உண்டு தம்பி. இடம் மிச்சப்படுத்த ஆர்ட்டிகிளும் (எ, ஆன், தி) பி வினையும் போய்விடும். முழு வாக்கியம் "டூ மென் வேர் ஹெல்ட்", எனவே பாஸிவ். எப்படி உறுதி செய்வது? நடந்து முடிந்ததையும் தலைப்பில் நிகழ்காலத்தில்தான் போடுவார்கள்: "மினிஸ்டர் ஓப்பன்ஸ் பிரிட்ஜ்", "போலீஸ் நேப் டூ". ஆகவே தலைப்பில் "-எட்" என முடியும் சொல்லோ ஹெல்ட், ஷாட் மாதிரிச் சொல்லோ தனியாக நின்றால் அதை வி2 என்று எண்ணாதீர்கள், பெரும்பாலும் அது வி3. "டிரைவர் அட்டாக்ட்" என்றால் ஓட்டுநர் தாக்கவில்லை, தாக்கப்பட்டார். அவசரத்தில் தமிழுக்கு மாற்றுகிறவர்கள் இங்கேதான் அடிபட்டவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள்.

நிலா_தேர்வர்:
அப்படியானால் "நியூ பஸ் ஸ்டாண்ட் டு பி ஓப்பன்ட் இன் மார்ச்", "நியூ பஸ் ஸ்டாண்ட் டு ஓப்பன் இன் மார்ச்" இரண்டும்?

கரும்பலகை:
தலைப்பில் டு வந்தால் எதிர்காலம். முதலாவதில் கடைசி இரண்டு சொல் "பி ஓப்பன்ட்", பாஸிவ். இரண்டாவது ஆக்டிவ், நம்ம பித்தன் ஐயாவின் திண்ணை வகை.